வெளிச்சத்தில் நிற்பவர்கள்

என் காரின் டாஷ்போட் பெட்டிக்குள், வாகனப் பத்திரங்களுக்கும் ஒரு செபமாலைக்கும் கீழே, பழைய லேஞ்சித் துணி ஒன்றில் சுற்றிய இரண்டு பல்புகள் கிடக்கின்றன. சாதாரண பல்பில் இருக்கும் கம்பிச் சுருள் இவற்றில் இல்லை. மெல்லிய கண்ணாடிக் குழாயின் நடுவில் பயறளவு குமிழ், அதற்குள் செனன் என்ற வாயு. பார்த்தால் மருந்துக் குப்பிபோல இருக்கும். என்னோடு வருகிறவர்கள் எதையாவது தேடி அந்தப் பெட்டியைத் திறந்தால் இது என்னவென்று கேட்பார்கள். மாமாவுடையது என்பேன். அதற்கு மேல் சொல்ல நேரம் வேண்டும்.

மாமா என் அம்மாவின் தம்பி. சண்டை இறுகுவதற்கு முன்பே வளைகுடாவுக்கு சாரதி வேலைக்குப் போனவர். நாங்கள் வன்னிக்குள் இடம்பெயர்ந்து, முகாமுக்குள் அடைபட்டு, பிறகு பஸ்ஸில் ஏற்றப்பட்டு எங்கள் ஊரில் தகரக் கட்டுகளோடு இறக்கப்பட்டோம். அதற்கு அடுத்த வருடம் அவர் திரும்பி வந்தார். மன்னாரில் ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கி வாடகைக்கு ஓடினார். முருங்கன் சந்தியிலிருந்து கரைப்பக்கம் போகும் ஊர்களில் அப்போது அது ஒன்றுதான் கார். பிள்ளைப்பேறு, காய்ச்சல், செத்தவீடு எல்லாவற்றுக்கும் அதுதான் ஓடியது. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததும் நான் படித்ததும் அந்தக் காரால்தான். அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். மாமா எட்டாம் வகுப்பு. நான் பல்கலைக்கழகம் போனேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யாரும் போகவில்லை. எதை எழுதினாலும் இதை நான் எழுதாமல் விடுவதில்லை.

தாராபுரத்தில் ஒரு கராஜ் இருந்தது. கராஜ் என்பது பெரிய சொல். நான்கு தூண், மேலே தகரம், பின்னால் வெள்ளையடித்த சுவர், பக்கத்தில் ஒரு பூவரசு. புத்தளத்தில் நெடுங்காலம் அகதியாக இருந்து திரும்பியவர் அதை நடத்தினார். எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். வளைகுடாவிலிருந்து சட்டைகளுக்கு நடுவே பொதிந்து கொண்டுவந்த பெட்டியை மாமா அவர் முன்னால் திறந்துவைத்தார். இரண்டு பல்புகள், மின்னழுத்தத்தை உயர்த்தும் இரண்டு அலுமினியப் பெட்டிகள், ஒரு கட்டு வயர். பாலைவன வீதியில் இந்த லைற்றோடுதான் ஓடினாராம். தூரத்தில் நிற்கும் ஒட்டகத்தின் மயிர்கூட இதில் தெரியுமாம். இங்கே ஒட்டகத்துக்கு எங்கே போவது என்று நானா கேட்க, மன்னாரில் கழுதைக்கா பஞ்சம் என்றார் மாமா.

விரலில் உள்ள எண்ணெய் பட்டால் கண்ணாடி சூட்டில் வெடிக்கும் என்று மாமாவின் லேஞ்சியை வாங்கி, அதால்தான் பல்பைப் பிடித்தார் நானா. மஞ்சள் பல்புகளைக் கழற்றினார். லைற்றின் பின்மூடியில் துளை போட்டு வயரை வெளியே எடுத்தார். அலுமினியப் பெட்டிகளை பம்பருக்குப் பின்னால் இறுக்கினார். பற்றரியிலிருந்து தனி வயர் இழுத்து, றேடியோவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புச் சுவிச்சு வைத்தார். வேலை நடுவே ஒரு தடவை மட்டும் நிமிர்ந்து, "அண்ணை, இந்த லைற்றுக் கிண்ணம் மஞ்சள் பல்புக்குச் செய்தது. இதைப் போட்டால் வெளிச்சம் அடங்கி நிக்காது. மேலயும் போகும், பக்கத்தாலயும் போகும்" என்றார்.

"போகட்டும் நானா. எங்கட றோட்டிலை மேலயும் இருட்டு, பக்கத்தாலயும் இருட்டு."

பொழுது சாய்ந்திருந்தது. மாமா சுவிச்சைத் தட்டினார். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு ஊதா நிறத்தில் ஒரு துடிப்பு. அது நீலமாகி, மெல்ல மெல்ல ஏறி, சுவர் முழுவதும் எலும்பின் வெள்ளையாக நின்றது. பூவரசு இலைகளின் அடிப்பக்க நரம்புகள்கூடத் தெரிந்தன. வீதியால் போன கழுதைகள் அப்படியே நின்று பச்சைக் கண்களால் எங்களைப் பார்த்தன. மாமா பிள்ளைபோலக் கை தட்டினார். நானா என் பக்கம் திரும்பி, பிள்ளைக்குத் தலைச்சுற்றா என்று கேட்டார். அப்போதுதான் கவனித்தேன், என் தலை குனிந்து, நாடி நெஞ்சைத் தொட்டபடி இருந்தது. மூச்சை எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை. வெளிச்சம் கூசுகிறது என்று சொன்னேன். அப்படித்தான் நானும் நம்பினேன்.

எங்கள் ஊர் வீதி அப்போது தார் போடாத கிறவல். இரு பக்கமும் விதைக்காமல் விட்ட வயல், அதற்குள் உடைமரம் முளைத்திருந்தது. இடையிடையே கூரையில்லாத வீடுகள். மின்சாரம் வரவில்லை. மாரி தொடங்கி, ஆறு மணிக்கே இருட்டும் நாட்களில், பல்கலைக்கழகத்தில் இருந்த எனக்கு மாமா தொலைபேசியில் சொன்னார்: "பிள்ளை, றோட்டிலை ஆக்கள் நிக்கினம்."

நிற்கட்டுமே என்று சிரித்தேன்.

"நிக்கினம்" என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

பிறகு பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். வளைவு திரும்பியதும் நடு வீதியில் ஒருவர் நிற்பாராம். ஹோர்ன் அடித்தாலும் விலகுவதில்லையாம். இவர் காரை நிறுத்தி, லைற்றை அணைத்துவிட்டு இறங்கிப் போனால் அங்கே யாரும் இருக்கமாட்டார்களாம். நனைந்த மண்ணும் தவளைச் சத்தமும்தான். ஒருமுறை மட்டும் ஒரு செருப்புக் கிடந்திருக்கிறது. அது எந்தக் காலத்துச் செருப்போ என்று தொடாமல் வந்துவிட்டாராம். அந்த நாட்களில் எங்கள் பக்கத்து வீதிகளில் ஆளில்லாத செருப்புகள் நிறையக் கிடந்தன.

கண்ணைக் காட்டுங்கோ மாமா என்றேன். முருங்கன் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினார். கண்ணில் ஒரு குறையும் இல்லை. "கண் சரியெண்டால் அங்கை நிக்கிறதும் சரிதானே" என்றார். எங்கட வீட்டு விஞ்ஞானி வாயை மூடியிட்டா என்று கொஞ்ச நாள் கேலி செய்தார். பிறகு கேலியும் நின்றுபோனது. கார் பொழுதுபடுவதற்கு முன் வீட்டுக்கு வரத் தொடங்கியது. இருட்டில் நோவெடுத்த பெண்ணை ஏற்றிப்போகக் கூப்பிட்டபோது அவர் போனார்தான், ஆனால் வளைவுக்கு வளைவு காரை நிறுத்தி நிறுத்திப் போனதாக அந்தப் பெண்ணின் தாய் சொன்னார்.

மார்கழி நத்தார் விடுமுறைக்கு நான் வந்த அன்று முருங்கன் பஸ் நிலையத்தில் மாமா காத்திருந்தார். பஸ் பிந்திவிட்டது. கிறவல் வீதிக்குத் திரும்பும்போது மேற்கே ஒரு சிவப்புக் கோடு மட்டும் மிச்சமிருந்தது. மாமா சிவப்புச் சுவிச்சைத் தட்டினார். ஊதா, நீலம், வெள்ளை. கண்ணாடியில் தொங்கிய செபமாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

தேத்தண்ணிக் கடையில் தாழ்வுபாட்டிலிருந்து வரும் மீன் லொறிக்காரர் ஒருவர் அவருக்கு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். அடக்கம் செய்யாமல் போன சனம் அது. காரை நிறுத்தினால் ஏறிக்கொள்ளும். விலத்தினால் வாய்க்காலுக்குள் இறக்கிவிடும். செபத்தைச் சொல்லிக்கொண்டு நேரே விடவேண்டும், புகைதான், கலைந்துபோகும். இதைச் சொல்லிவிட்டு மாமா, "இண்டைக்கு நான் நிப்பாட்டமாட்டன், பிள்ளை. நீ கண்ணை மூடிக்கொண்டிரு" என்றார்.

நான் அவரைத் திட்டினேன். உண்மையில் ஒரு மனிசர் நின்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"மனிசருக்கு முகம் இருக்கும். இதுகளுக்கு முகமில்லை, தலைமயிர்தான். ஒரு கால் நிலத்திலை படாது."

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் நிலத்தில் படாத அந்தக் கால் எனக்குள் எங்கேயோ போய்த் தட்டியது. எனக்குத் தெரிந்த ஒன்றை அவர் வேறு பெயரில் சொல்வதுபோல இருந்தது. என்னவென்று நினைவுக்கு வரவில்லை.

மதகு தாண்டியதும் அது நின்றது.

நடு வீதியில் ஒரு பெண் உருவம். வெளிச்சத்தில் சேலை சாம்பல் நிறம். முகம் இருக்கவில்லை, உச்சி வகிடு மட்டும் எங்களைப் பார்த்தது. இடது குதிக்கால் மண்ணிலிருந்து உயர்ந்து அப்படியே நின்றது. மழைத்தூறல் மட்டும் அசைந்தது. மாமா உரத்துச் செபம் சொல்லத் தொடங்கினார். கார் வேகம் எடுத்தது. நான் கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை.

அப்போதுதான் அந்தக் கையைக் கண்டேன். இடுப்பில் ஏதோ ஒரு ஏனம், அதன்மேல் சேலைத் தலைப்பை இழுத்து அழுத்திய கை. ஏன் மூடவேண்டும்? பளபளக்கும் என்பதால். வன்னியில் இரவுகளில் ஆள் தேட ஆமி அடிக்கும் பரா லைற் வானத்திலிருந்து பரசூட்டில் தொங்கி இறங்கும். நீலம் கலந்த இதே வெள்ளை. ஓடுகிறவரைக் காட்டிக்கொடுக்கும், அசையாமல் நிற்பவரை மரமாக்கிவிடும். அம்மா என் காதுக்குள் சொல்லும் சொற்கள் அப்படியே வந்தன. முகத்தைக் குனி. மினுங்கிறதை மூடு. அணையுமட்டும் அசையாதை. அணைஞ்ச உடனை அந்த இடத்திலை நிக்காதை.

வெளிச்சம் இருக்கும்வரை அந்தப் பெண் அசையமாட்டாள். கார் அவள் மேல் ஏறினாலும் அசையமாட்டாள்.

நான் கையை நீட்டிச் சிவப்புச் சுவிச்சை அடித்தேன்.

இருட்டு விழுந்தது. மாமா அலறிக்கொண்டு பிரேக்கை மிதித்தார். கார் வழுக்கிக்கொண்டு போகும்போது சில்லுக்குக் கீழே தகரம் நசியும் சத்தம் கேட்டது. நின்றோம். இயந்திரமும் நின்றுபோனது. மாமா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்திருந்தார். எனக்குக் கதவைத் திறக்கத் துணிவில்லை.

வாய்க்கால் பக்கமிருந்து குரல் வந்தது.

"தம்பி, பிள்ளை வந்திட்டாளோ?"

அம்மாவின் குரல்.

நசிந்தது அலுமினியச் சட்டி. நான் வருகிறேன் என்று கறிக்கு வாங்கிவந்த மீன் அதற்குள் இருந்தது. முழங்கால் வரை சேற்றோடு அம்மா ஏறி வந்தார். மாமா வீதியில் உட்கார்ந்து, அவர் காலைக் கட்டிக்கொண்டு, என்ரை கார் எண்டு தெரியேல்லையோ அக்கா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

"தெரியும். சத்தத்திலையே தெரியும்" என்றார் அம்மா. "எனக்குத் தெரிஞ்சது. காலுக்குத் தெரியேல்லை, தம்பி."

அடுத்த நாள் காலை இதைக் கேட்டு முற்றத்தில் கூடிய பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி விறகோடு நின்றிருக்கிறாள், ஒருத்தி குடத்தோடு. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது என்று நினைத்து, வெட்கப்பட்டு, வீட்டில்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். பக்கத்துக் கொட்டில் அக்கா, "அப்ப அந்தச் செருப்பு என்ரை. எடுத்துக்கொண்டெண்டாலும் வந்திருக்கலாம்தானே, ஆவியள் செருப்புப் போடுறதோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

அன்று மதியமே தாராபுரத்துக்குப் போய்ப் பழைய மஞ்சள் பல்புகளைப் போட்டுக்கொண்டு வந்தார். கழற்றியவற்றை அதே லேஞ்சியில் சுற்றி என்னிடம் தந்தார். "நீ படிச்சனி. இதுக்கு ஒரு நல்ல வேலை கண்டுபிடி" என்றார். அதன் பிறகு கடைசிவரை, தூரத்தில் ஒரு ஆள் தெரிந்தால் லைற்றைத் தணித்து, காரை உருட்டிக்கொண்டுதான் போனார். ஏன் இப்படி நத்தைபோல ஓடுகிறீர்கள் என்று ஏறுகிற புதியவர்கள் கேட்பார்கள். வழியில் ஆட்கள் நிற்பார்கள் என்பார். போன மாரியில் அவர் போய்ச் சேர்ந்தார். பல்புகளுக்கு நான் இன்னும் ஒரு வேலையும் கண்டுபிடிக்கவில்லை.

இப்போது எங்கள் வீதி தார் வீதி. கம்பத்துக்குக் கம்பம் விளக்கு. புதிதாக வரும் வாகனங்களெல்லாம் தொழிற்சாலையிலிருந்தே வெள்ளை வெளிச்சத்தோடுதான் வருகின்றன. என் சம்பளத்தில் நான் வாங்கிய காரும் அப்படித்தான். அந்த வெளிச்சத்துக்குள் பிள்ளைகள் தொலைபேசியைப் பார்த்தபடி, தலையைக்கூடத் திருப்பாமல் குறுக்கே நடந்து போகிறார்கள். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். வேண்டுமென்றே காரை நிறுத்தி, அவர்கள் போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

வீதியிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் எங்கள் ஒழுங்கைக்கு விளக்கு இல்லை. வேலை முடிந்து வரும்போது அம்மா வாசல் படலைப் பக்கம் வந்துகொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். காரின் சத்தம் அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒழுங்கை முகப்பில் திரும்பியவுடன் விளக்கை அணைத்துவிடுவேன். கார் குலுங்கி நிற்கும்போது பெட்டிக்குள் அந்தப் பல்புகள் மெல்ல ஒன்றோடொன்று முட்டும். குனிந்துபோன என் நாடியை நெஞ்சிலிருந்து நிமிர்த்திக்கொண்டு இருட்டில் காத்திருப்பேன். முதலில் ஒன்றும் கேட்காது. பிறகு, படலைக்கு அப்பால் நின்றுபோயிருந்த செருப்புச் சத்தம் மறுபடி தொடங்கும். அதன் பிறகுதான் காரை எடுப்பேன்.