குவான்யினுக்குக் கண் கொடுத்தவள்

மேலங்கிப் பை பிதுங்க எலுமிச்சம்பழங்களைத் திணித்துக்கொண்டு படியேறுகிறாள் தெங் கைஜென். அமாவாசை, பௌர்ணமி இரண்டு நாளும் பாறையில் செதுக்கிய குவான்யின் அம்மனைப் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. தோட்டத்தில் எலுமிச்சைப் பறிப்பு மும்முரமானாலும் சரி, சிச்சுவான் மழை விடாமல் ஊற்றினாலும் சரி. வழியெல்லாம் திட்டிக்கொண்டே போவாள், அம்மனையும் விடமாட்டாள். "இவ்வளவு ஒசரத்துல போய் உக்காந்துக்கிட்டியே, கீழ எடமே கெடைக்கலையா உனக்கு?"

இப்போது அடிவாரத்தில் இரும்புக் கதவும் ஒரு காவல்காரரும். காவல்காரர் வேறு யாருமில்லை, அவளுடைய கொழுந்தன் ஷௌமிங்தான்.

"ஊதுபத்தி கொளுத்தக் கூடாது அண்ணி. செலைக்குப் புகை ஆகாதாம்."

"மொதல்ல உங்க அண்ணன் ஊதுற புகையை நிறுத்து, அப்புறம் என்கிட்ட வா" என்று கதவைத் தள்ளிக்கொண்டு போய்விடுவாள்.

ஆயிரம் வருஷத்து மழையில் அம்மனின் முகம் தேய்ந்து, கண் இருந்த இடம் வெறும் குழியாகிவிட்டது. மகள் சுவேலியனுக்குப் பார்வை மங்கி ஆபரேஷன் நடந்தபோது கைஜென் வேண்டிக்கொண்டாள்: என் பெண்ணுக்குக் கண் கொடு, உனக்கு நான் கண் தருகிறேன். மகளுக்குப் பார்வை திரும்பியது. ஜன்னலுக்கு அடித்த பெயின்ட் வீட்டில் மிச்சம் இருந்தது. ஏணி போட்டு ஏறி வெள்ளை விழியும் கறுப்பு மணியும் தீட்டிவிட்டாள். இடக்கண் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. ஊரில் யாரும் குறை சொல்லவில்லை, கும்பிட்டார்கள்.

மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி தலையில் கைவைத்துக்கொண்டார். "பெயின்ட் கல்லை அரிச்சிடும்மா. இத்தனை காலம் நின்ன செலை உங்களால போயிடும்."

"குருடா இருந்தப்ப ஒருத்தரும் எட்டிப் பாக்கலை. கண்ணு வந்ததும் ஓடி வர்றீங்க."

"காப்பாத்தத்தானே வந்திருக்கோம்?"

"அவ என் பொண்ணைக் காப்பாத்தினா. நான் குடுத்ததை நீங்க அழிச்சிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் அவ யாரைக் கேப்பா, உங்களையா?"

அந்தப் பயம்தான் அவளைப் பிடித்து ஆட்டியது. கொடுத்த கண்ணைப் பிடுங்கினால் மகளின் கண்ணுக்கு என்ன ஆகும்? பாறையடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். சோறும் அங்கேதான், சண்டையும் அங்கேதான். கடைசியில் மகளே வந்து அழுது கெஞ்சி அவளை வீட்டுக்கு அழைத்துப்போன அன்று, அதிகாரியின் ஆட்கள் பஞ்சும் மருந்தும் வைத்துப் பெயின்ட் மொத்தத்தையும் துடைத்துவிட்டார்கள்.

இந்தப் பௌர்ணமிக்கும் வந்துவிட்டாள். ஷௌமிங் பின்னாலேயே வந்து அவள் கையைக் கவனிக்கிறான். தூரிகை எதுவும் இல்லை.

"செலையைத் தொட்டுடாதீங்க அண்ணி. எனக்கு வேலை போயிடும்."

"உன் வேலையை நீயே வெச்சுக்கோ. நான் தொடலை."

பழங்களை வைத்துவிட்டுத் தடுப்புக் கயிற்றுக்கு இப்பால் நின்றுகொண்டாள். சட்டைக்குள்ளிருந்து சின்ன வட்டக் கண்ணாடி ஒன்றை எடுத்தாள். புதுச் சிலைக்குக் கண் திறக்கும்போது பூசாரி கண்ணாடியில் வெயிலைப் பிடித்து விழியில் விடுவாரே, அந்த முறைதான். பாறை முகம் முழுக்க நிழலில் கிடந்தது. கைஜென் காலை வெயிலைக் கண்ணாடியில் பிடித்து மேலே விட்டாள், முதலில் இடக்கண்ணில், பிறகு வலக்கண்ணில்.