மூலை இல்லாத துண்டு

என் பட்டாளத்துப் பெட்டியின் அடியில் ஒரு வெள்ளைத் துண்டு பல வருடங்களாக மடித்தபடியே கிடந்தது. எங்கள் வீட்டுத் தறியில் அப்பா நெய்து அனுப்பியது. கெட்டியான நூல், இன்றைக்கும் ஓர் இழை விலகவில்லை. ஆனால் அதன் ஒரு மூலை இல்லை. இரண்டு கை அகலத்துக்குச் சதுரமாக வெட்டி எடுத்திருந்தது. விடுப்பில் வந்திருந்தபோது என் மனைவி அதை விரித்துப் பார்த்துவிட்டு, "எலி கடிச்சிட்டோ?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எலி எங்கேயாவது அளவெடுத்துக் கடிக்குமா? அவள் மேலே கேட்கவில்லை. பட்டாளத்துக்காரன் பெட்டியில் என்னென்னவோ இருக்கும் என்று விட்டுவிட்டாள். துண்டு நெய்து பிழைக்கிற வீட்டில் ஒரு துண்டுக்கு என்ன பெரிய விசாரணை?

அந்த மூலையை நான் வெட்டியது எங்கள் கேப்டனுக்காக. அவர் வடக்கே பனிமலைப் பக்கம் பிறந்தவர். எங்கள் படையில் பெரும்பாலும் தமிழ் ஆட்கள். அதிகாரியாக வருகிறவர் தன் ஆட்களின் மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அங்கே வழக்கம். மற்ற அதிகாரிகள் புத்தகத்தை வைத்துப் படித்தார்கள். இவர் என்னை வைத்துப் படித்தார். விளைவு, ஓர் இமயமலைக்காரர் சுத்தமான சங்கரன்கோவில் தமிழ் பேசத் தொடங்கினார். இருபத்தாறு வயதில், மாட்டுச் சந்தைக்கு வந்த பெரிய மனுஷர் தோரணையில், "என்ன வே, சாப்ட்டீரா?" என்று கேட்பார். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "ஏண்டா, சாபுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுத்தியா?" என்று என்னைத் திட்டுவார்கள். எனக்குத் தெரிந்த தமிழைத்தானே நான் சொல்லிக் கொடுக்க முடியும்!

அவர் முகத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னால் எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். முதுகு மட்டும் உடனே வந்துவிடும். ரோந்து போகும்போது முதல் ஆளாக ஒரு சிப்பாய் போக வேண்டும், அதிகாரி மூன்றாவதோ நான்காவதோ வர வேண்டும் என்பதுதான் பாடம். பாதை நல்லபடியாக இருக்கும் வரை அவரும் அப்படித்தான் வருவார். பாதை குறுகியது, மேலே பாறை தொங்குகிறது, அந்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்ற இடம் வந்தால், சொல்லாமல் கொள்ளாமல் எங்களை ஒதுக்கிவிட்டு முன்னால் போய்விடுவார். எங்கள் சுபேதார் ஒருநாள் எல்லார் முன்னாலும் வெடித்துவிட்டார். "சாப், நீங்க விழுந்துட்டா இந்தப் பயலுகளை யார் வச்சு மேய்க்கிறது? உங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவனை நான் பார்க்கணும்" என்றார். கேப்டன் பணிவாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த வளைவில் மறுபடியும் முன்னால் போய்விட்டார். சுபேதார் தலையில் அடித்துக்கொண்டார். கேப்டனுக்கு அடுத்த ஆள் நான். இரண்டு வருடம் நான் அந்த மலைகளைப் பார்க்கவில்லை, அந்த முதுகைத்தான் பார்த்தேன். அது முன்னால் நகர்கிற வரையில் என் காலும் தானாக நகர்ந்தது. பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பயந்துகொண்டே நடந்தேன், அவ்வளவுதான்.

அந்த மலையில் விடிந்து வெகுநேரம் வரை பனிமூட்டம் நிற்கும். முன்னால் போகிறவரைத் தவறவிட்டால் பள்ளத்தில்தான் போய் நிற்க வேண்டும். அதற்காக ஒவ்வொருவர் முதுகுப்பையின் பின்புறமும் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெள்ளைத் துணி தைத்திருப்போம். பின்னால் வருகிறவன் அதைக் கண்ணில் பிடித்தபடி வருவான். எதிரே இருக்கிறவனுக்கு அது தெரியாது. கேப்டனின் பையில் இருந்த துணி சேறும் வியர்வையும் ஏறிச் சாம்பல் நிறமாகிவிட்டது. "சாப், உங்க முதுகு தெரிய மாட்டேங்கு" என்றேன். "தெரியுத மாதிரி ஒண்ணு தையும் வே" என்றார். அந்த வாரம்தான் அப்பா அனுப்பிய துண்டு வந்திருந்தது. அதன் வெள்ளையைப் பார்த்ததும் எனக்கு ஒரு பெருமை. எங்க அப்பா நெசவு, எங்க ஊர் வெள்ளை, படை முழுவதும் பார்க்கட்டுமே என்று உள்ளங்கை அளவு வெட்ட வேண்டிய இடத்தில் இரண்டு கை அகலத்துக்கு வெட்டினேன். இரட்டை நூல் கோத்துத் தைத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பெரிதாக இருக்கிறது என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நெசவாளி மகனின் வீம்பு அது. வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

நான்கு நாள் கழித்து ஒரு காலையில் நாங்கள் ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தோம். மேலே மேய்ச்சல்காரர்கள் விட்டுப்போன ஒரு கல்வீடு. பனிமூட்டம் சட்டென்று விலகியது. அந்த வீட்டிலிருந்து சுடத் தொடங்கினார்கள். கேப்டன் முன்னால் ஒரு பாறை வரை போய்விட்டார். நான் பின்னால் இன்னொரு பாறையில் ஒண்டிக்கொண்டேன். எனக்கும் அவருக்கும் நடுவே, வெட்டவெளியில், என்னைத் தாண்டி ஓடிய வாசுதேவநல்லூர்க்காரன் ஒருவன் தொடையில் குண்டு பட்டு விழுந்தான். "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று என்னைத்தான் கூப்பிட்டான். நான் எழவில்லை. எழ வேண்டும் என்று நினைத்தேன், எழவில்லை. அப்போது கேப்டன் திரும்பினார். சண்டையில் அவர் முகத்தை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். கீழே இறங்கி ஓடி வந்தார். அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார் என்றால், முதுகு அந்த வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். நான் தைத்த வெள்ளை அவர்களுக்கு நேரே தெரிந்திருக்கும். இடது தோளில் குண்டு பாய்ந்தது. விழுந்தவர் எழுந்து, ஒரே கையால் அவனை இழுத்துக்கொண்டுவந்து என் பாறைக்குப் பின்னால் போட்டுவிட்டுத்தான் படுத்தார்.

வாசுதேவநல்லூர்க்காரன் பிழைத்துக்கொண்டான். இன்றைக்குக் குளத்துப் பாசனத்தில் நெல் போட்டுக்கொண்டு, என்னைவிடத் திடமாக நடக்கிறான். கேப்டனை ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். அவருடைய பொருள்களைக் கட்டி அனுப்பும் வேலை என்னிடம் வந்தது. பையை எடுத்தேன். துணியில் ரத்தம். யாராவது அளந்து பார்த்தால் என்ன ஆகும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவர் பிழைப்பாரா என்பது அடுத்துத்தான் தோன்றியது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது. தையலைப் பிரித்து, துணியை அடுப்பில் போட்டேன். பிறகு ஒருமுறை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "என்ன வே, சாப்ட்டீரா?" என்று கேட்டார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

சென்ற மாதம் கேப்டனிடமிருந்து போன் வந்தது. ராஜபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறாராம். பாதி சிவன் பாதி பெருமாளாக நிற்கிற எங்கள் ஊர்ச் சாமி என்று நான் பதுங்குகுழியில் கதை சொல்வேனே, அதைப் பார்க்க வேண்டுமாம். மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கர்னலாக ஓய்வுபெற்றவர், தலை முழுக்க நரை. எனக்கு இன்னமும் அவர் கேப்டன்தான். கோயிலுக்குக் கூட்டிப்போனேன். புற்றுமண்ணை வலது கையால் நெற்றியில் இட்டுக்கொண்டார். இடது கை நெஞ்சுக்கு மேல் ஏறவில்லை. ரத வீதியில் வழி தெரியாதவர் முன்னால் நடந்தார். வழி தெரிந்த நான் பின்னாலிருந்து "இடது சாப், வலது சாப்" என்று சொல்லிக்கொண்டே போனேன். பழக்கம் போகுமா?

மத்தியானம் சாப்பிட்டு எழுந்து கை கழுவினார். என் மனைவி ஓடிப்போய் ஒரு துண்டு எடுத்துவந்து நீட்டினாள். வீடு நிறைய துண்டு. அவ்வளவும் கலர்த் துண்டு, மூலை இல்லாவிட்டாலும் பெரிய ஆபீசருக்கு வெள்ளைதான் மரியாதை என்று அவள் பெட்டியைத் திறந்திருக்கிறாள். அவர் முகத்தைத் துடைத்தார். துடைத்த கை மூலையில் வந்து நின்றது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. பக்கத்துக் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்த தறி நான்கும் நின்றன. எங்கள் தெருவே அமைதியானது.

"இது அந்தத் துண்டுதான வே?" என்றார்.

"சாப், நான்தான் பெருசா வச்சேன். உள்ளங்கை அளவு வச்சிருந்தா சுட்டவன் கண்ணுல பட்டிருக்காது. உங்க கை இப்படி ஆனது என்னாலதான். அதைப் பிரிச்சு அடுப்புல போட்டு மறைச்சதும் நான்தான்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "அடுப்புலயா போட்டீரு? ஆஸ்பத்திரிக்குப் பை வந்ததும் நான் மொதல்ல தேடுனது அதைத்தான். நூல் பிரிச்ச ஓட்டைதான் இருந்துச்சு. யார் பிரிச்சான்னு அப்பவே தெரியும். நீரே சொல்லுவீருன்னு இருந்தேன்" என்றார். தெரிந்தவர் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஒரு கணம் கோபம்கூட வந்தது. அவர் விடவில்லை. "என் முதுகுல என்ன கெடக்குன்னு எனக்குத் தெரியாதா வே? நீரு தைக்கும்போது பக்கத்துல உக்காந்து பாத்தவன் நான். பையைக் கழட்ட நேரம் இல்ல. தெரிஞ்சுதான் திரும்புனேன். திரும்புனது நான், நீரு இல்ல."

வாசல் நடையில் நின்ற என் மனைவி, "எலி கடிச்சதுன்னு சொன்னிய?" என்றாள். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு அவர் தன் தோள்பையைத் தூக்கி என் முன்னால் வைத்தார். "மூணு மூலை மிச்சம் இருக்குல்லா? ஒண்ணை வெட்டித் தையும்" என்றார். "நல்ல துண்டை ஏன் இப்படிப் பாழாக்குதிய?" என்று முனகிக்கொண்டே மனைவி கத்தரிக்கோலும் ஊசியும் கொண்டுவந்தாள். "எத்தனை அகலம், சாப்?" என்றேன். "அன்னைக்கு வச்ச அளவுதான். குறைக்கப்பிடாது" என்றார். ஊசியில் நூல் கோக்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. கண்ணும் சரியில்லை, கையும் சரியில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஸ்டேஷனில் நல்ல கூட்டம். அவர் பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் போனார். நான் பின்னால் போனேன். நடுவில் ஆட்கள் புகுந்து என்னைத் தள்ளிவிட்டார்கள். ஆனால் அந்த வெள்ளை எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது, ரயில் பெட்டிக்குள் ஏறி மறைகிற வரைக்கும்.

துண்டு இப்போது பெட்டியில் இல்லை, கொடியில் காய்கிறது. இரண்டு மூலை இல்லாத துண்டு. காலையில் குளித்துவிட்டு அதில்தான் முகம் துடைக்கிறேன்.