கல்வராயன் மலைக்கு ஜீப்பில் ஓர் இடம்

எனக்கு இப்போது கண் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். இதில் வருகிற மூன்று பேரில் ஒருவன் அவளுடைய தாய்மாமன். மாமன் மேல் அவளுக்குப் பிரியம் அதிகம் என்பதால் இரண்டு இடங்களில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அப்பிடியே எழுதும்மா, அவன் படிக்கவா போறான்" என்று சொல்லித்தான் எழுத வைத்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் நாலு பேர் ஒரு கூட்டம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா ரெட்டியார்பாளையத்தில் இருந்தான். ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ ஜீப் ஒன்று அவனிடம் இருந்தது. "நான் பாலைவனத்துல ஓட்டுனவன்டா" என்பான். இங்கே அவனுக்குக் கிடைத்த பாலைவனம் கடற்கரை மணல்தான். இரண்டாமவன் மருந்துக்கடை வைத்திருந்தான். மூன்றாமவன் மில்லில் கிளார்க்காக இருந்த என் மனைவியின் தம்பி. நான்காவது ஆள் நான்.

ஜீப் இருக்கிறது, ரோடே இல்லாத இடத்துக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்கவேண்டும் என்று ஆரம்பித்தது சொல்தாதான். கல்வராயன் மலை என்று சொன்னது நான். என் சித்தப்பா அங்கே மூங்கில் வெட்டும் குத்தகை எடுத்திருந்தார். வாலிபத்தில் அவருக்குக் கணக்கெழுதிக்கொண்டு, மூங்கில் லாரிகளோடு அந்தக் காட்டுத் தடங்களில் போய் வந்திருக்கிறேன். வெள்ளிமலையைத் தாண்டிப் போய் ஓர் ஓடையில் வண்டியை இறக்கி ஏற்றினால் ஒரு வெட்டவெளி வரும். எதிரே பாறை முகடு ஒன்று வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும்.

அந்த வருஷம்தான் என் கண் போய்க்கொண்டிருந்தது. இடது கண் ஏற்கெனவே அவிந்துவிட்டது. வலது கண்ணில், எண்ணெய்க் காகிதம் வழியாகப் பார்ப்பதுபோல் கொஞ்சம் வெளிச்சமும் பெரிய உருவங்களின் ஓரமும் தெரியும். கண்ணுக்குள் அழுத்தம், மழைக்காலம் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொட்டு மருந்தை மருந்துக்கடைக்காரனிடம்தான் வாங்குவேன். என் கண்ணின் நிலவரம் என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். கண் மூடுவதற்குள் அந்த முகட்டை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அவ்வளவு பெரிய உருவம் என் கண்ணுக்கும் தப்பாது என்று நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல்தா வீட்டில் கூடித் திட்டம் போட்டோம். தார்ப்பாய், உபரி டயர், பெட்ரோல் கேன், ஸ்டவ், அரிசி என்று பேசுவோம். எல்லாவற்றையும்விட அதிகமாகப் பேசியது பாட்டிலைப் பற்றித்தான். எல்லை தாண்டினால் தமிழ்நாடு, அங்கே மதுவிலக்கு. செக்போஸ்டில் பிடித்தால் மானம் போகும். படுக்கைக்குள் சுருட்டுவதா, அரிசி மூட்டைக்குள் புதைப்பதா என்று அவர்கள் அடித்துக்கொண்டதில் குடிதண்ணீரைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை.

இடையிடையே என்னிடம் வழி கேட்பார்கள். சொல்தாவின் மேப்பில் மூங்கில் லாரித் தடங்கள் கிடையாது. அவை என் தலைக்குள் மட்டும்தான் இருந்தன. "கூட வந்து காட்டறேன்" என்று சொல்லிவிடுவேன். வழியைச் சொல்லிவிட்டால் என்னைக் கழற்றிவிடுவார்கள் என்று தெரியாத முட்டாள் இல்லை நான். கண் தெரியாதவனை மலையில் வைத்துக்கொண்டு யார் மாரடிப்பது என்று மைத்துனன் ஒருநாள் பக்கத்து அறையில் சொன்னது எனக்குக் கேட்டது. கண் போனால் காதும் போய்விடும் என்று நினைப்பவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு.

ஆனாலும் ஒருநாள் மத்தியானம் ஜீப் என் வீட்டு வாசலுக்கு வந்தது. எனக்கு முன்சீட்டு. மருந்துக்கடைக்காரன் ஒரு மாத்திரை கொடுத்தான்.

"மலை ரோட்டுல வாந்தி வரும்டா. இத போட்டுக்க."

போட்டுக்கொண்டேன். விழுப்புரம் ரோட்டில் போகும்போதே கண்ணை இழுத்துக்கொண்டு போனது. நல்ல தூக்கத்தில் யாரோ என் தோளைத் தட்டினார்கள். வண்டி நின்றிருந்தது, இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"வண்டில என்னாய்யா வச்சிருக்க?" என்று அதட்டியது ஒரு கட்டைக் குரல்.

செக்போஸ்ட் என்று புரிந்தது. கையைக் கூப்பினேன்.

"படுக்கைதாங்கய்யா. வேற ஒண்ணும் இல்லீங்கய்யா."

"பொய் சொன்னா உள்ள தள்ளிடுவேன்."

"சத்தியமாங்கய்யா. கண்ணு தெரியாதவங்க நான்."

கண் தெரியாதவன் என்று என் வாயால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. எங்கள் பாட்டிலுக்காக, எங்கள் மானத்துக்காகச் சொன்னேன். பின்னால் யாரோ இருமினார்கள். வண்டி கிளம்பியது, நான் மறுபடி தூங்கிப்போனேன்.

விழித்தபோது ஜீப் பள்ளத்தில் இறங்கி ஏறிக் குலுங்கிக்கொண்டிருந்தது. கிளைகள் கையில் உரசின. வெளிச்சம் அடங்கியிருந்தது. மலையடிவாரத்தில் கச்சிராயபாளையத்தில் ஒருத்தரைப் பிடித்து வழி கேட்டுக்கொண்டோம், நீ நல்லாத் தூங்கின, எழுப்ப மனசு வரல என்றான் சொல்தா. கூடாரம் அடித்தார்கள். சாராய வாசனையும் முந்திரி இலை வாசனையும் வந்தன. மலையில் முந்திரி ஏது என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இத்தனை வருஷத்தில் யாராவது வைத்திருப்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏமாறுகிறவன் பாதி வேலையைத் தானே செய்துவிடுவான்.

விடியற்காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வெளிச்சம் ஏற ஏற எதிரே வெறும் வெளுப்புதான் தெரிந்தது. உருவம், ஓரம் எதுவும் இல்லை.

"மலை எங்கடா?"

"நேர் எதிர்லதான்டா. பனி மூடிக்கிட்டிருக்கு, இரு" என்றான் சொல்தா.

கொஞ்ச நேரம் கழித்து மைத்துனன் சொன்னான். "தோ, வெலகிடுச்சு மாமா. முகடு பளிச்சுனு தெரியுதே. உங்களுக்குத் தெரியல?"

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். தலையைச் சாய்த்துப் பார்த்தேன். வெளுப்பேதான். மழைக்காலம் வரைக்கும் தாங்கும் என்று டாக்டர் சொன்ன கண் இந்த ஓர் இரவில், மலையின் காலடிக்கு வந்த பிறகு போய்விட்டது என்று முடிவு செய்தேன். வெட்கத்தை விட்டு அழுதேன். என் பக்கத்தில் ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கும் சத்தம் நிற்கவில்லை. யாரும் வந்து தோளைத் தொடவில்லை.

அப்போது சங்கு ஊதியது. தூரத்தில், தென்காற்றில், மெல்லிசாக. எங்கள் ஊர் மில் சங்கு.

அவர்கள் பேச்சு ஒரு சொல்கூடத் தடைப்படவில்லை. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம், அவர்கள் காதில் அது ஏறவே இல்லை. அந்தச் சங்குக்கு எழுந்து ஓடுகிற மைத்துனன்கூட, லீவு போட்ட நாளில் அது தனக்கில்லை என்பதுபோல் முட்டை உரித்துக்கொண்டிருந்தான்.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். இப்போது சொன்னாலும் என் மகள் நம்பவில்லை. என் கண் போகவில்லை, மலைதான் இல்லை. அந்தச் சந்தோஷம் அடங்கிய பிறகுதான் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. வாந்திக்கென்று கொடுத்த தூக்க மாத்திரை, செக்போஸ்டில் அதட்டிய கட்டைக் குரல், பின்னால் சிரிப்பை அடக்கிய இருமல். என் மனைவியின் தம்பிக்குக் கைகூப்பி ஐயா போட்டிருக்கிறேன்.

"சங்கு ஊதுது" என்றேன்.

அப்போதுதான் அவர்கள் வாய் மூடியது. சொல்தா முதலில் சிரித்தான்.

"காது பாம்பு காதுடா உனக்கு. ஊருக்குப் பக்கத்துல, காலாப்பட்டுக்கு மேக்கால செம்மண் காட்டுலதான் இருக்கோம். உன் ஆசையும் தீரணும், நீயும் பத்திரமா வீடு போய்ச் சேரணும்னுதான் இப்பிடி. ஆசை தீந்தா வழியச் சொல்லிடுவன்னு நெனைச்சோம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. ஆனால் அதைவிட ஆசை பெரிதாக இருந்தது. அதைச் சொல்லத்தான் இப்போதும் கூசுகிறது. கெஞ்சினேன்.

"காலைலதான்டா ஆவுது. வண்டி இருக்கு, பெட்ரோல் இருக்கு, சோறு இருக்கு. இப்ப கெளம்பினா சாயந்தரம் அங்க இருக்கலாம். நான் வழி சொல்றேன். ஒருவாட்டி பாத்துட்டா போதும், ஜீப்ப விட்டே எறங்க மாட்டேன்."

மருந்துக்கடைக்காரன், "கடைய தொறக்கணும்டா. மழை முடியட்டும், பாத்துக்கலாம்" என்றான். மழை முடியும்போது என் கண்ணில் என்ன மிச்சமிருக்கும் என்று தெரிந்த ஒரே ஆள் அவன்.

மைத்துனன் முட்டையை வாயில் வைத்துக்கொண்டே சொன்னான். "அங்க போயிருந்தாலும் உங்களுக்கு இதேதான் தெரிஞ்சிருக்கும் மாமா."

மத்தியானத்துக்குள் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள்.

டாக்டர் சொன்னபடியே மழையோடு கண் போனது. பொங்கல் லீவுக்கு முன்னால் மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள். இந்தத் தடவை நிஜமாகவே மலைக்குப் போவதாகவும், வழி வேண்டும் என்றும் கேட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. தப்பான வழியைச் சொல்லி ஏதாவது ஒரு பள்ளத்தில் அவர்களைத் தள்ளியிருக்கலாம். நன்றாகத் தள்ளியிருக்கலாம். ஆனால் யாராவது ஒருவன் அந்த முகட்டைப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லவேண்டியிருந்தது. இவர்களை விட்டால் எனக்காக வேறு யார் போவார்கள்? ஒவ்வொரு திருப்பத்தையும், ஓடையில் எந்தப் பக்கம் பாறை, எந்தப் பக்கம் மணல் என்பதையும் சொன்னேன். வெட்டவெளியில் ஜீப்பை எங்கே நிறுத்தினால் முகடு முழுதாகத் தெரியும் என்பதையும் சொன்னேன்.

திரும்பி வந்ததும் மூன்று பேரும் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். சோறு அடிபிடித்தது, சொல்தா சீட்டாட்டத்தில் எல்லோரையும் மொட்டையடித்தது, மருந்துக்கடைக்காரனுக்கு வயிற்றுப்போக்கு. நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"அந்த முகடு எப்பிடிடா இருந்துச்சு?"

"நீங்க சொன்ன எடத்துலதான் நிறுத்துனோம் மாமா" என்றான் மைத்துனன். "சாயந்தர வெயிலு அந்தப் பக்கமிருந்து மூஞ்சில அடிச்சுது. சீட்டு தெரியல. அதனால முகட்டுக்கு முதுக காட்டிக்கிட்டு உக்காந்துட்டோம்."

எழுந்து வெளியே போகச் சொன்னேன். காபி போட்டாச்சு, குடித்துவிட்டுப் போகட்டும் என்றாள் என் மனைவி. குடித்துவிட்டுத்தான் போனார்கள்.