அடி வாங்கித் தந்த கதை

ராயபுரம் பக்கம் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நாட்களில், சாப்பாட்டு வேளையில் மற்றவர்களுக்குப் பத்திரிகை படித்துக்காட்டுவேன். மூட்டை இறக்க எந்திரம் வரப்போகிறதென்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைப் பேச ஒரு பயலுக்கும் துணிவில்லை. எரிச்சலில் நானே ஒரு கதை எழுதி வாசித்தேன். அதில் எந்திரம் வந்துவிடுகிறது. நாங்கள் மூட்டைக் கொக்கிகளைக் கடலில் எறிந்துவிட்டுப் பட்டினியில் சாகிறோம்.

கடைசி வரியை முடித்ததும் கூட்டாளி ஒருவன் ஓங்கி அறைந்தான். பல் உடைந்து காகிதமெல்லாம் ரத்தம். எந்திரம் என்றதும் பயந்துவிட்டான் என்று நினைத்தேன். கொக்கி முனையை என் தொண்டையில் வைத்தான்.

"மெசினு வரட்டும்டா. நாங்க இன்னாத்துக்குடா சும்மா சாவணும்? மாத்தி எழுது!"

ரத்தம் துப்பிக்கொண்டிருந்த என்னைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள். எந்திரத்தைப் பற்றி அவர்கள் வாய் திறந்தது அன்றுதான்.