ஆதிகால அத்தை

அருங்காட்சியகச் சுவரில் ஓர் ஓவியம்: மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் மண்பானையில் சமைக்கும் பெண். பார்த்ததும் எனக்குக் கருவாட்டுக் குழம்பு மணத்தது. அட, இது என் அத்தை!

ஒரகடத்தில் தொழிற்சாலைகள் எழும்பத் தொடங்கியிருந்த காலம். எங்கள் ஏரிக்கரையில் பழைய பானைகளைத் தோண்டியெடுத்த குழுவின் ஓவியர் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். சவுக்கு விறகை ஊதிக்கொண்டிருந்த அத்தையைப் பார்த்து ஒருநாள் வரைந்தார். படத்தில் தோள் வெறுமையாக இருப்பதைக் கண்டதும் அத்தை ஊதுகுழலை ஓங்கினாள்.

"இன்னா தம்பி இது? நாளைக்கு ஊரே பாக்கும்!"

"அந்தக் காலத்துல அப்படித்தான்க்கா."

"நீ போய்ப் பாத்துகினு வந்தியா?"

"துணியெல்லாம் மண்ணுல மக்கிடும்க்கா. எங்களுக்கு எதுவுமே கெடைக்கல."

"அப்போ போத்திவுடு. யாரு வந்து கேக்கப் போறா?"

அவர் புகையில் இருமிக்கொண்டே சிரித்து, தோள்மீது ஒரு துணியை வரைந்தார்.

இப்போது அந்த ஓவியத்தைக் காட்டி ஓர் ஆசிரியை, "அந்தக் காலப் பெண்கள் தோளை மூடித்தான் உடுத்தினாங்க, எழுதிக்கோங்க" என்றார். மாணவிகள் எழுதிக்கொண்டார்கள். நான் வெளியே ஓடிப்போய் அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"பின்ன? அன்னிக்கு நான் சொன்னப்போ அந்தத் தம்பி நம்புச்சா?" என்றாள் அத்தை.