துரைசாணிக்குத் தயிர்சோறு

எண்பதுகளின் நடுவில் நான் திண்டிவனத்தில் ஒரு தமிழ் நாளிதழுக்கு நிருபராக இருந்தேன். கல்யாணமாகாதவனுக்கு வீடு தர யாரும் முன்வராத ஊர். பல வீடுகள் ஏறி இறங்கிய பிறகு, பஸ் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு சமணக் குடும்பத்தின் வீட்டில் பின்கட்டு அறை கிடைத்தது. வீட்டுக்காரர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரி. பகல் முழுக்க மண்டியில் இருப்பார். பேச்சுவார்த்தை எல்லாம் அவர் மனைவியிடம்தான்.

"மீனு, கறி, முட்டை எதுவும் வாசப்படி தாண்டக் கூடாது தம்பி. வெளிய நீங்க என்னா சாப்பிட்டாலும் நான் கேக்க மாட்டேன்" என்றார்.

சம்மதித்தேன். பஸ் நிலையத்து ஓட்டலில் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு, அங்கேயே குழாயடியில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவேன்.

பூனை வந்தது அடுத்த வருடம். குயிலாப்பாளையம் பக்கம் குடிநீர்ப் பிரச்சினை பற்றி எழுதப் போனபோது அங்கே குடியிருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்மணியுடன் பழக்கமாகியிருந்தது. அவருடைய தாய்க்கு உடம்பு முடியாமல் ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஆறு மாதம் பூனையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அதற்கு முன் என் செய்திக்காக மூன்று முறை தன் வேலையை விட்டுவிட்டு, அங்கிருந்த வெளிநாட்டவர் பேசியதை எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னவர். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

சயாமீஸ் இனம். உடம்பு பாலேடு நிறம். முகம், காது, வால், நான்கு கால்கள் மட்டும் கரிக்கட்டையைத் தடவியது போலக் கறுப்பு. முடி குட்டையாக, தோலோடு ஒட்டிக் கிடக்கும். கண்கள் நீலம். கூடவே இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் போதும், சீப்பு வேண்டாம். அது வெளிக்குப் போகிற மண் தட்டை தினமும் மாற்ற வேண்டும். வெளியே விடவே கூடாது. நான்காவது வரி: தினமும் மீன் அல்லது இறைச்சி. அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

அந்த வரியைப் பஸ்ஸிலேயே படித்துவிட்டேன். படிக்கவில்லை என்று பின்னால் எனக்கே சொல்லிக்கொள்ள முடியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

அறைக்கு ஒரே ஜன்னல். கம்பிகளுக்கு மேல் கொசுவலைக் கம்பி அடித்தேன். நான் செய்தி சேகரிக்கப் போகும்போது கதவைப் பூட்டிக்கொண்டு போவேன். அது பகல் முழுக்க ஜன்னல் மாடத்தில் உட்கார்ந்து கத்தும். சாதாரணப் பூனையின் குரல் அல்ல. கைக்குழந்தை வீறிடுவது போல இருக்கும்.

"உங்க துரைசாணி என்னா தம்பி, இப்படிக் கத்திக்கினே இருக்கறா? தெருவுல எனக்குப் பேரன் பொறந்துட்டானான்னு கேக்கறாங்க" என்றார் வீட்டுக்கார அக்கா. அன்றிலிருந்து அதற்குத் துரைசாணி என்றே பேர். சொன்னவர்தான் அதற்கு முதல் கிண்ணம் பாலும் வைத்தார்.

அந்த வீட்டில் சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். இருட்டிய பிறகு அடுப்பு எரியாது. அதே நேரத்துக்கு அக்கா என் அறையைத் திறந்து பூனைக்கும் தயிர்சோறு வைக்கத் தொடங்கினார். இதற்காக என்னிடம் ஒரு சாவி வாங்கிக்கொண்டார். முதல் வாரம் பூனை தட்டைச் சுற்றிவந்து மண்ணைத் தள்ளி மூடுவது போலத் தரையைப் பிறாண்டியது. இரண்டாவது வாரம் சாப்பிட்டது.

ஒருநாள் அது சுவரில் பல்லி பிடித்துவிட்டது. அக்கா வாசலில் நின்று பதறினார். "வாயத் தொறங்க தம்பி, ஜல்தி! பாவம், அது ஒரு உயிரு!" நான் இரண்டு விரலால் தாடையை விரித்தேன். பல்லி வாலில்லாமல் விழுந்து ஓடியது. பூனை என் கையைக் கடிக்கவில்லை. வாலைத் தேடித் தின்றது. மறுநாள் அக்கா ஆள் வைத்துச் சுவரின் வெடிப்புகளை எல்லாம் சிமெண்டால் அடைத்தார்.

பிறகு அவருக்கு அதில் ஒரு பெருமை வந்துவிட்டது. மேல்சித்தாமூரிலிருந்து உறவினர் வந்தால் நேராக என் அறைக்கு அழைத்துவருவார். "வெள்ளைக்காரம்மா வளத்த பூனை. நம்ம வூட்டுக்கு வந்து சைவமாயிட்டா. பொழுது சாய்ஞ்சா பச்சத்தண்ணி தவிர தொட மாட்டா, பாருங்க." உறவினர்கள் கைகூப்பாத குறையாகப் பார்ப்பார்கள். நான் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகு எப்படிப் போய் மீன் வேண்டும் என்று சொல்வது? சொன்னால் வீடு போகும். வீடு போனால் அந்த ஊரில் வேறு வீடு இல்லை. இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

ஒவ்வொரு இரவும் பூனை கட்டிலில் ஏறி என் வலது கையை முகரும். சோப்பு வாசனையைத் தாண்டி நகக்கண்களில் எதையோ கண்டுபிடித்து அங்கேயே நக்கும். கொஞ்ச நாளில் நான் இரண்டு தடவை சோப்புப் போட ஆரம்பித்தேன்.

ஆறு மாதம் கடந்தது. அந்தப் பெண்மணியால் திரும்ப முடியவில்லை. கடிதம் வரும்: எப்படி இருக்கிறாள்? நலம் என்று எழுதுவேன். ஒரு விபத்தில் இறந்தவரின் வயதை இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே எழுதுகிறவன் நான். இதை யாரிடமும் கேட்காமல் எழுதினேன்.

இரண்டாவது வருடத்தில் ஒரு காலை, அது ஜன்னல் மாடத்துக்குத் தாவி, ஒரு சாண் தள்ளிச் சுவரில் மோதி விழுந்தது. வழுக்கியிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வாரம் பெட்டியைக் கட்டிலுக்கு அந்தப்பக்கம் நகர்த்தியபோது நேராகப் போய் அதில் முட்டியது. வெயிலில் தூக்கிப் பார்த்தேன். கண்ணின் நீலம் ஒரு மெல்லிய வளையமாகச் சுருங்கியிருந்தது. மீதி முழுக்கக் கருமணி. வெயிலுக்கு அது சுருங்கவே இல்லை.

மூடி போட்ட ஓலைக்கூடையில் வைத்து விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி தாண்டும்வரை கத்தியது.

"கொழந்தையக் கூடையில போட்டு எடுத்துக்கினு போறீங்களா சார்?" என்றார் கண்டக்டர்.

"பூனை."

"பூனைக்கு இம்மாங் கொரலா? கச்சேரிக்கா கூட்டிக்கினு போறீங்க?" பஸ் சிரித்தது.

விழுப்புரத்தில் பார்த்த கால்நடை மருத்துவர் என்னைவிட இளையவர். வெளியே மாடுகளும் ஆடுகளும் வரிசையில் நின்றன. அவர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். ஒரு பஞ்சை அதன் முன்னால் போட்டார். பூனையின் தலை அசையவில்லை.

"என்ன சாப்பாடு போடறீங்க?"

"பால், தயிர்சோறு."

"மீனு?"

"இல்ல."

"கறி, முட்டை?"

"சமண வீட்டுல குடியிருக்கேன்."

"அது சரி. நீங்க என்ன சாப்பிடறீங்க?"

அவர் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டார்.

"பூனைக்குக் கண்ணு நிக்கணும்னா மாமிசத்துல இருக்கற ஒரு சத்து வேணும் சார். சோத்துல அது கெடையாது, பால்ல இருக்கறது பத்தாது. புத்தகத்துல படிச்சிருக்கேன், இப்பதான் நேர்ல பாக்கறேன். போன பார்வை வராது. இனிமே மீன் போட்டீங்கன்னா மிச்சம் ஏதாவது இருந்தா நிக்கும்."

அன்று சாயங்காலம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூனையின் முன்னால் தயிர்சோற்றுத் தட்டு இருந்தது. அவர் சுவரோரம் உட்கார்ந்து கேட்டார்.

"முன்னாடியே உங்ககிட்ட கேட்டிருக்கணும் அக்கா" என்றேன்.

"கேட்டிருந்தா கூடாதுன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். "இப்பவும் கூடாதுன்னுதான் சொல்லுவேன். ஆனா கறி தின்ற இடத்துல கொண்டுபோய் வுடுங்கன்னும் சொல்லியிருப்பேன் தம்பி. அந்தம்மா எழுதிக் குடுத்தாங்கன்னு சொல்றீங்களே, எனக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியும். என் கையால இத்தினி நாளு போட்ட சோறு, அது கண்ணப் பறிக்கிற சோறா?"

தட்டை எடுத்துக்கொண்டு போனார். சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டார். அழவில்லை. அதன்பிறகு என் அறைக்குள் அவர் வரவே இல்லை.

கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு அந்த மாதமே விழுப்புரத்துக்குப் போனேன். ரயில்வே லைனுக்குப் பக்கத்தில், வாசலில் மீன்காரி கூவிக்கொண்டு போகிற தெருவில் ஓர் அறை. வீடு கிடைக்காது என்று ஒன்றரை வருடம் பயந்திருந்தேன். இந்த அறை மூன்று நாளில் கிடைத்தது. பூனை முதல் நாள் ஒரு மத்தி மீனை முள் மிச்சமில்லாமல் தின்றது. பிறகு தலையைத் தூக்கி எந்தப் பக்கம் நான் இருக்கிறேன் என்று காதால் தேடியது. பார்வை திரும்பவில்லை. மிச்சமும் நிற்கவில்லை.

அந்தப் பெண்மணிக்கு நடந்ததை நடந்த வரிசையில் எழுதினேன். பதில் வரவில்லை.

அறையில் சாமான்களை அசைக்க முடியாது. அது தூரங்களை மனப்பாடம் செய்திருந்தது: கட்டில், பெட்டி, நாற்காலி, தட்டு. நாற்காலியின் நான்கு கால்களுக்கும் தரையில் சாக்கட்டியால் குறி போட்டு வைத்தேன். உட்கார்ந்து எழுதிவிட்டு எழுந்தால் குறிக்குள் திரும்பத் தள்ள வேண்டும். யாரையும் வீட்டுக்கு அழைப்பதில்லை. வருகிறவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுவார்கள். வெளியூரில் இரவு தங்குகிற வேலை வந்தால் வேறு ஆளை அனுப்பச் சொல்வேன். ஆறு வருடம் இப்படி.

ஒருமுறை நாற்காலியின் கால் உடைந்து, அதைத் தச்சரிடம் கொடுத்திருந்தேன். அன்று மீனைத் தட்டில் வைத்துக் கூப்பிட்டேன். கட்டிலடியிலிருந்து வந்தது. சாக்கட்டிக் குறிக்கு ஒரு சாண் முன்னால் நின்று, இடப்பக்கம் திரும்பி, இல்லாத நாற்காலியைச் சுற்றிக்கொண்டு தட்டுக்குப் போனது.