பால் வடித்த துணி

முதலில் உதடுதான் வீங்கியது. என் மகள் ரீட்டாவுக்கு அப்போது ஒரு வயது. இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் (தாய்மார் கொழுந்தெடுக்கப் போகையில் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம்) நான் ஆயம்மாவாக இருந்தேன். பத்து மணிக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் பால்மா கரைத்துக் கொடுப்பது என் வேலை. எனக்குத் தாய்ப்பால் வற்றியிருந்ததால் அன்று ரீட்டாவுக்கும் கொடுத்தேன். சற்று நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, வாந்தியெடுத்தாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் அதை ஒவ்வாமை (ஓர் உணவை உடம்பு பகையாக எண்ணி எதிர்ப்பது) என்றார்கள். பால், வெண்ணெய், நெய் கூடாது. பிறகு முட்டையும் சேரவில்லை. டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "கட்டித் தேங்காய்ப்பால் குடுங்கோ. கொழுப்பில்லாமல் பிள்ளை வளராது" என்றார்.

கொடுத்தேன். காம்பராவிலேயே தேங்காய் துருவி, பிழிந்து, சோற்றில் குழைத்து ஊட்டினேன். மறுபடியும் உதடு வீங்கியது. தேங்காயும் ஆகாது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். பயத்தில் எண்ணெயையும் நிறுத்தினேன். வெறும் கஞ்சிதான். மற்றப் பிள்ளைகளுக்குக் கோப்பை கோப்பையாகப் பால் ஊற்றும் அதே கையால் என் பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணீர் ஊற்றினேன்.

ஒன்றரை வயதில் ரீட்டா நிற்க முயன்று உட்கார்ந்துவிடுவாள். குளிப்பாட்டும்போது விலா எலும்புகள் கையில் தட்டுப்படும். அவள் செத்துப்போவாள் என்றே நினைத்தேன். நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அவளை நிறுத்துப் பார்த்த டொக்டரின் முகம் மாறியது.

"தேங்காய்ப்பால் குடுத்த எல்லா நாளும் வீங்கினதோ?"

யோசித்தேன். "ஞாயித்துக்கெழம வீங்கலிங்க."

"ஞாயிறு எங்கை வைச்சுப் பிழிஞ்சனீங்கள்?"

"எங்க லயத்து வீட்டுலங்க. வெறுங்கையால."

"மற்ற நாளில்?"

காம்பராவில் பால்மாக் கட்டிகளை வடிக்க ஒரு வெள்ளைத் துணி வைத்திருந்தேன். தேங்காயையும் அதில்தான் பிழிந்தேன். சுத்தக்காரி என்று எனக்கு ஊரெல்லாம் பெயர். பால் வடித்ததும் வெந்நீரில் அலசிப் போடுவேன். இழையில் ஒட்டிய பால் போக அந்த அலசல் போதாது என்று எனக்குத் தெரியவில்லை. அடி பாவி, உன் கையாலேயே அல்லவா ஊட்டினாய்!

வெளியே வந்து அழுதேன். என் கணவர் அந்தோனி, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர், அதிகம் பேசமாட்டார். "அழுவாத புள்ள. நான் போயி தேங்கா வாங்கியாறேன், நீ புதுத் துணி பாரு" என்றார்.

டொக்டரின் கண்முன்னே, வார்டில், புதுத் துணியில் பிழிந்த தேங்காய்ப்பாலை ஒரு கரண்டி, பிறகு இரண்டு கரண்டி என்று கொடுத்தோம். உதடு வீங்கவில்லை. அதன்பின் சோற்றில் கட்டிப்பால், பருப்பில் தேங்காயெண்ணெய். மேனேஜர் பங்களாவின் தோட்டக்காரர் பட்டர் புரூட் பழம் (அவகாடோ; பெயரில் மட்டும்தான் வெண்ணெய்) கொண்டுவந்து தருவார்; மசித்துக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் தொடையில் மடிப்பு விழுந்தது. அந்த மடிப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன், கிறுக்கி மாதிரி.

இதே கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஓர் உணவை நிறுத்துவது சுலபம். அதன் இடத்தில் என்ன வைப்பது என்று டொக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். பாத்திரம், கரண்டி, துணி, உங்கள் கை, எல்லாவற்றையும் சந்தேகப்படுங்கள்.

ஆறு வயதில் ஆஸ்பத்திரியில் வைத்து ரீட்டாவுக்குப் பால் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. இப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பால் தேத்தண்ணி கேட்கிறாள். ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்கிறேன்.

"ஏம்மா என் வாயவே பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல, குடி."

கால்மணி நேரம் போகவேண்டும். அதன் பிறகுதான் என் தேத்தண்ணியைக் கையில் எடுக்கிறேன். தினமும் ஆறிப்போயிருக்கிறது.